ஞாயிற்றுக்கிழமை வாரேன்

என் மருமகளுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே பாஷைதான். இங்கிலீஷ். பரவை மார்க்கெட்டில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. எங்கள் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கூட லாரி டிரைவரைப் பார்த்துத் தெலுங்கில் ரெண்டு, மலையாளத்தில் ரெண்டு என்று பேசிவிடுவார்.

"ஒத்தப் பாஷையா? பெரிய படிப்பு படிச்ச பிள்ளைன்னு சொன்னியேக்கா!" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"அந்தப் பாஷையை வச்சுத்தான் உலகமே ஓடுது. நீ வெங்காயத்தைப் பாரு" என்று அவளை அடக்கினேன். என் மருமகளை இன்னொருத்தி குறைத்துப் பேச நான் விடுவேனா?

அந்த மார்க்கெட்டில் கறிவேப்பிலை, மல்லி, புதினா மொத்த வியாபாரம் பார்த்தவள் நான். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாகவே பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் எந்த ஆளும் என்னிடம் நின்று மரியாதையாகத்தான் விலை கேட்பான். கூப்பிடாத வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, அந்த வீட்டுக்காரி தன் வாயால் வாங்க என்று சொல்ல வேண்டும். வீட்டு ஆம்பளை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை நான் அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. கல்யாணம் மதுரையில்தான், எங்கள் முறைப்படி. சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் குறைந்த பிறகு மண்டபத்து அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். அவன் அப்பா இருந்திருந்தால் எப்படிப் பூரித்திருப்பார் என்று சொன்னேன். அவள் கழுத்தில் கிடக்கிற செயின் என் அம்மாவுடையது, தினமும் போடலாம், குளிக்கும்போது மட்டும் கழற்றிவை என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தால் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதைக் கண்டுகொள்ளாமல் சோற்றைப் போட்டுவிடு, தானாக வழிக்கு வருவான் என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ. அழுதேன்கூட.

பக்கத்தில் நின்ற மகன் அவ்வளவையும் கேட்டுவிட்டு அவளிடம் ஏதோ ரெண்டு வார்த்தை இங்கிலீஷில் சொன்னான். அவள் என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"நல்லா இருங்கன்னு அம்மா சொல்லுதுன்னு சொன்னேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தானம்மா விஷயம்."

பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். அந்த நிமிஷத்தில்தான் தமிழ் படிப்பது என்று அவள் முடிவு செய்தாளாம்.

ஆனால் அவள் படித்திருக்க வேண்டியது வேறு பாஷை. அவள் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அதைப் படித்தால் படிப்புச் செலவை ஆஸ்பத்திரியே கொடுக்கும், சம்பளமும் கூடும். கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள். மகனும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்தபோது நானும் சொன்னேன், "அவளுக்கு எது சோறு போடுதோ அதைப் படிக்கச் சொல்லுடா. எனக்காக எதுக்கு அந்தப் பிள்ளை கஷ்டப்படணும்?" வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவள் தமிழை எடுத்தாள் என்று கேட்ட அன்று மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லாமல் நான் வீடு திரும்பவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எனக்குப் போன் போடுவாள். அவள் போட்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு, மகன் பக்கத்தில் இருக்கக் கூடாது. நடுவில் ஆள் வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்று கல்யாணத்தன்றே பார்த்துவிட்டாள் அல்லவா.

முதல் நாள் அவள் குரலைக் கேட்டதும் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"வணக்கம் அத்தை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? உணவு உண்டீர்களா?"

பக்கத்துக் கடைக்காரி காதைக் கொண்டுவந்தாள். "என்னக்கா, செய்தி வாசிக்கிறாங்களா?"

"என் மருமக பேசுறாடி!"

"மழை வருமான்னு கேளு, சொன்னாலும் சொல்லும்."

மெல்ல மெல்ல அவள் பேச்சு இறங்கி வந்தது. உண்டீர்களா சாப்பிட்டீங்களா ஆயிற்று. எங்கள் பேச்சில் செய்த காரியம் கடைசியில்தானே வரும். அது அவளைப் படாதபாடு படுத்தியது. நேற்று பக்கத்துக் கடைக்காரி அவள் தோட்டத்தில் பறித்துக் கொண்டுவந்து கொடுத்த பிஞ்சுக் கத்திரிக்காயை என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். வதக்கினேனா, விற்றேனா, தூக்கிப் போட்டேனா தெரியாமல் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வதக்கினேன் என்று நான் முடித்ததும் "ஆ!" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். எனக்குச் சிரிப்பாக வரும். வேண்டும் என்றே இழுத்து இழுத்துச் சொன்ன நாளும் உண்டு.

போனில் தமிழ் எழுத்திலேயே அனுப்பவும் பழகினாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போடுவாள், நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். இரண்டு பேருக்கும் வேகம் சரியாக இருந்தது. படித்தவர்கள் யாராவது வாங்கிப் படித்துக் காட்டுகிறேன் என்றால் கொடுக்க மாட்டேன்.

பேச்சை முடிக்கும்போது வைக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரு ஆளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், அமர்த்து என்போம். கடையை மூடுகிறேன் என்று வாயில் வராது, எடுத்து வைக்கிறேன் என்போம். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று யாராவது சொல்வார்களா? நேரில் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் போனிலும் சொல்லி முடிப்பேன்.

"சரித்தா. அப்ப வாரேன்."

"சரி அத்தை" என்பாள். குரலில் ஒரு துள்ளல் இருக்கும். என்னோடு பேசுவதில் இந்தப் பிள்ளைக்கு இம்புட்டுச் சந்தோஷமா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "அத்தை, எப்போது வருவீர்கள்?"

அடுத்து எப்போது போனில் வருவேன் என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை வாரேன்த்தா" என்றேன்.

அந்தப் பக்கம் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த அறையைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. "எங்கள் வீட்டில் கீழே ஒரு அறை இருக்கிறது அத்தை. ஜன்னல் பெரியது. காலையில் வெயில் வரும்" என்றாள். அடுத்த வாரம், "எங்கள் வீட்டு அறைக்குத் திரை வாங்கினேன்." அதற்கு அடுத்த வாரம், "எங்கள் வீட்டில் ஒரு கட்டில் வாங்கியிருக்கிறோம். உயரம் இல்லை. ஏறுவது சுலபம்."

எங்கள் வீடு, எங்கள் வீடு. ஒவ்வொரு தடவையும் அந்த எங்கள் என் நெஞ்சில் வந்து குத்தியது. மாமியாரிடம் பேசுகிற மருமகள் நம்ம வீடு என்றுதானே சொல்வாள்? நான் பெற்ற மகன் இருக்கிற வீடு, எனக்கு மட்டும் எப்படி வேறு வீடானது? எங்கள் வீடு என்றால் நீ இதில் சேர்த்தி இல்லை என்றுதானே பொருள்? சின்னப் பிள்ளைகூட இந்த வித்தியாசம் தெரிந்துதான் பேசும். சரிதான், அது அவர்கள் வீடு, வெயில் வந்தால் அவர்களுக்கே வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

திரையைச் சொல்கிறாள், கட்டிலைச் சொல்கிறாள், வாங்க என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகன் கூப்பிட்டான், இல்லை என்று சொல்லவில்லை. "ஒரு தடவை வந்துட்டுப் போயேம்மா" என்பான். அதே மூச்சில் மாத்திரை போட்டாயா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று போய்விடுவான். "பாக்கலாம்டா" என்று நானும் விட்டுவிடுவேன். கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே அவன் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்தது. அப்போது என் கால் நல்ல கால். அழகர்கோவில் மலையில் மேலே வரைக்கும் நடந்தே ஏறி, தீர்த்தமாடி, நடந்தே இறங்குவேன். விமானத்தில் உட்கார்ந்து போவது எனக்கு ஒரு பொருட்டா? அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாங்க அத்தை என்று சொல்லியிருந்தால், கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மறு வாரமே கிளம்பியிருப்பேன்.

அவள் சொல்லவில்லை. வாரங்கள் போயின. அறையைப் பற்றிய பேச்சும் மெல்லக் குறைந்தது. நானும் கேட்கவில்லை.

பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் மார்க்கெட்டிலேயே நெஞ்சை அடைத்துக்கொண்டு சரிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "ஹார்ட்டு ரொம்ப வீக்கா இருக்கும்மா. அலங்காநல்லூர் வரைக்கும் பஸ்ல போங்க, வாங்க. அதுக்கு மேல தூரம் வேண்டாம்." கடையை விட்டுக்கொடுத்தேன். செய்தி கேட்டு மகனும் மருமகளும் புறப்பட்டு வந்தார்கள்.

அவள் வந்து இறங்கிய அன்று தெருவே வாசலில் நின்றது. "நல்லா இருக்கீங்களா?" என்று அவள் கேட்கக் கேட்க ஒவ்வொருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவளே டீ போட ஆரம்பித்தாள். எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், கால் அமுக்கினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எங்கள் மட்டும் உள்ளே கிடந்தது.

எதிர் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். என்னை மதினி என்று கூப்பிடுவாள். மருமகளுக்கு ஜாக்கெட் தைக்க அளவெடுக்க ஒரு மத்தியானம் வந்தாள்.

"மூச்சை விடுத்தா, மூச்சை விடு. இப்படி இழுத்துப் பிடிச்சேனா ஜாக்கெட் போட்டுக்கிட்டுச் சோறு திங்க முடியாது" என்று அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே அளந்தாள். வேலை முடிந்ததும் மருமகள் டீ போட அடுப்படிக்குப் போனாள். எதிர் வீட்டுக்காரிக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். அவள் எழுந்து, "வாரேன் மதினி. வாரேன்த்தா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மருமகள் மூன்று டம்ளரோடு வந்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். தனக்கு ஒன்று. மூன்றாவதைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தன் டீயையும் தொடவில்லை.

"குடிக்காம என்னத்தா பாத்துக்கிட்டு இருக்க? ஆறிப்போகும்."

"அவங்க வரட்டும் அத்தை."

"எவங்க?"

"அந்த அக்கா. வாரேன்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடியே, அவ போயிட்டாடி! போறதைத்தான் அப்படிச் சொல்றது. போறேன்னு சொல்லக் கூடாதுல்ல, அதனால வாரேம்பாங்க."

அவளும் கூடச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மூடி வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போன்ல நீங்க சொல்றது? அதுவும் அப்படியா?"

"எது?"

"ஒவ்வொரு வாரமும். வாரேன், வாரேன்னு."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொன்னீங்களே அத்தை. எந்த ஞாயித்துக்கிழமைன்னு கேக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. உங்க மகன்கிட்ட சொன்னேன், அத்தை வருவாங்கன்னு. அவருக்கு ரொம்ப சந்தோஷம். அவசரப்படுத்தாத, அவசரப்படுத்துனா அம்மா வராது, அதுவா நாள் சொல்லும்னு சொன்னாரு. அதான் நான் கேக்கல. ரூம் ரெடி பண்ணினேன். கட்டில் வாங்கினேன்."

"அந்தக் கட்டில் எனக்கா?"

"வேற யாருக்கு? எங்க வீட்டுல வேற யாரு வருவாங்க?"

மறுபடியும் எங்க வீடு. ஆனால் இந்தத் தடவை அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. அந்த முகத்தில் என்னைத் தள்ளி வைக்கிற எண்ணம் துளிகூட இல்லை. போனில் எனக்கு முகம் தெரியவில்லையே.

"நம்ம வீடுன்னு சொல்லணும்த்தா" என்றேன். "எங்க வீடுன்னா நான் அதுல இல்லைன்னு ஆயிரும்."

அவள் புரியாமல் பார்த்தாள். மாடியில் இருந்த மகனைக் கூப்பிட்டேன். அவன் அவளுக்கு இங்கிலீஷில் விளக்கினான். இந்தத் தடவை ரெண்டு வார்த்தையில் முடிக்கவில்லை, வெகுநேரம் சொன்னான். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். கேட்கிற ஆளைச் சேர்த்துச் சொன்னாலும் அதே சொல், விட்டுச் சொன்னாலும் அதே சொல்லாம். அப்படி ஒரு பாஷை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? டீச்சரம்மா ஆரம்பத்திலேயே சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். பேசும்போது இவளுக்கு வாயில் முதலில் வந்தது எங்கள்.

மகன் சுவரைப் பார்த்தபடி நின்றான். "நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றேன்.

"நீதாம்மா அவசரப்படுத்துனா வீம்பு பிடிப்ப" என்றான்.

மருமகள் எழுந்து வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தையை மனசுக்குள் சரிபார்க்கிற மாதிரி ஒரு நொடி உதட்டை அசைத்தாள்.

"வாங்க அத்தை" என்றாள். "நம்ம வீட்டுக்கு வாங்க."

வீட்டுக்காரி தன் வாயால், சரியான சொல்லால், முறையாகக் கூப்பிட்டுவிட்டாள். இதற்காகத்தான் நான் அத்தனை வாரமும் காத்திருந்தேன். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வாரேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்வது? சொல்லாமல் விழுங்கிவிட்டேன். மூடி வைத்த டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. எடுத்துக் கொட்டச் சொன்னேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, பீரோவைத் திறந்து பட்டுப் புடவைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது. அதில் என் போட்டோவில் நான் நிமிர்ந்து, கொஞ்சம் முறைத்துக்கொண்டு இருக்கிறேன். போட்டோக்காரர் சிரிங்கம்மா என்று சொன்னதும், இதுக்கெல்லாம் எதுக்கு சிரிக்கணும் என்று நான் கேட்டதும் ஞாபகம் வந்தது. மூடி அதே இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போதும் வருகிறது. அவள் பேச்சு நன்றாகத் திருந்திவிட்டது. எங்க, நம்ம எல்லாம் இடம் தவறாமல் விழுகிறது. அம்புட்டு, இம்புட்டு என்கிறாள். பக்கத்துக் கடைக்காரி பார்க்க வந்தபோது அவளோடு போனில் வம்பளந்துவிட்டு, "உன் மருமக நம்மளைவிட வாயாடி ஆயிட்டாக்கா" என்றாள். நான் கத்திரிக்காயை இழுத்து இழுத்துச் சொன்னாலும் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கடைசிச் சொல் வருவதற்குள் "வதக்கினீங்களா?" என்று அவளே முடித்துவிடுகிறாள்.

போன வாரம் படம் தெரிகிற மாதிரி போன் போட்டாள். பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தபோது அந்த அறை தெரிந்தது. சொன்ன மாதிரியே பெரிய ஜன்னல். வெள்ளைத் திரை. என் உயரத்துக்குத் தோதான கட்டில். அதன் மேல் துவைத்த துணி மடிக்காமல் குவிந்து கிடந்தது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

நான் வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை, நானும் நினைத்துச் சொன்னதில்லை. அவள் ஒருத்திதான் அதைக் கேட்டுவிட்டுக் கட்டில் வாங்கினாள். இனி வாங்க மாட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கு முழுசாக வந்துவிட்டது.

"சரி அத்தை, வேலைக்கு நேரமாச்சு" என்றாள் போன வாரம். "வாரேன்."

"சரித்தா" என்றேன்.